லென்ஸுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

ஸ்கேல் மாடல்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 1/12 அளவு (நிஜ வண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு) பிளாஸ்டிக் பைக் கிட்களின் கண்ணாடிப் பாகங்களை, அதாவது கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் பாகங்களைப் பற்றியவை. விண்ட்ஷீல்டு, ஹெட்லைட், இண்டிகேட்டர், டெயில் லைட். டேங்குக்கும் ஃபேரிங்குக்கும் (பைக்கின் வெளிக்கூடு) பளபளவென்று பெயின்ட் அடிக்கத் தெரிந்தவர்கள்கூட இந்த நாலு இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

டமியா கம்பெனிக் கிட்டில் விண்ட்ஷீல்டுக்கு அவர்களுடைய எக்ஸ்-19 ஸ்மோக் (புகை நிற பெயின்ட்) அடிக்கச் சொல்லியிருக்கிறது. பிரஷ்ஷால் அடித்தேன். ஓரத்தில் கருப்பு, நடுவில் ஒன்றுமே இல்லை, இடையில் கோடு கோடாக நிற்கிறது. ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தூவும் கருவி) இல்லாமல் வழியே கிடையாதா சார்?
- வாசகர், மதுரை

சாதாரண பெயின்ட் அடியில் இருப்பதை மறைக்கும், அதனால் ஓரிடத்தில் கொஞ்சம் கூடுதலாக விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஸ்மோக் மாதிரியான கிளியர் வகை நிறங்கள் எதையும் மறைப்பதில்லை. எங்கே தடிமன் கூடுகிறதோ அங்கே நிறமும் கூடும். விண்ட்ஷீல்டு வளைவானது, பெயின்ட் வழிந்து ஓரத்தில் தேங்குகிறது, நீங்கள் பார்க்கும் கருப்பு அதுதான். இண்டிகேட்டர் மாதிரி குட்டிப் பாகத்துக்கு பிரஷ் தாராளமாகப் போதும். விண்ட்ஷீல்டுக்குப் போதாது, இதில் சமரசமே கிடையாது.

முதலில் அடித்ததை எடுத்துவிடுங்கள். எக்ஸ் வரிசை அக்ரிலிக் என்பதால் எக்ஸ்-20ஏ தின்னரிலோ ஐசோபுரொபைல் ஆல்கஹாலிலோ நனைத்த பட்ஸால் துடைத்தால் வந்துவிடும். லாக்கர் தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் போகாதீர்கள், பிளாஸ்டிக்கே கரைந்து வெளுத்துவிடும். ஆல்கஹாலிலும் ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டாம். கிளியர் பாலிஸ்டைரீன் மற்ற ஸ்ப்ரூவில் (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் சட்டம்) இருக்கும் பிளாஸ்டிக்கைவிட முறுகல், ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் இடங்களில் மயிரிழை விரிசல் விடும்.

ஏர்பிரஷ் இல்லையென்றால் இரண்டு வழி. ஒன்று டிஎஸ்-71 ஸ்மோக் ஸ்பிரே. இது லாக்கர் (வலுவான கரைப்பான் உள்ள பெயின்ட்), நனைந்து ஓடுகிற அளவுக்கு அடித்தால் பிளாஸ்டிக்கைக் கடிக்கும். தள்ளி நின்று தூவினாற்போல அடித்து, காய விட்டு, மறுபடி தூவ வேண்டும். இன்னொன்று முக்கி எடுப்பது. எக்ஸ்-22 கிளியரை நன்றாகத் தின்னர் விட்டு இளக்கி, அதில் எக்ஸ்-19 சொட்டுச் சொட்டாகக் கலந்து, ஸ்ப்ரூவின் தண்டில் முக்கிப் பார்த்து நிறத்தை முடிவு செய்யுங்கள். அப்புறம் விண்ட்ஷீல்டை முக்கி மெதுவாக, நிறுத்தாமல் தூக்கி, கீழ் ஓரத்தை டிஷ்யூவில் ஒற்றி எடுத்து, ஒரு டிபன் பாக்ஸைக் கவிழ்த்து மூடிவிட வேண்டும். சீலிங் ஃபேனை அணைத்துவிடுங்கள்!

ஏர்பிரஷ் இருப்பவர்களுக்கு: ஒரு பங்கு பெயின்ட், இரண்டு பங்கு தின்னர், சுமார் 15 பிஎஸ்ஐ காற்றழுத்தம், மூன்று நான்கு மெல்லிய கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம். ஒவ்வொரு கோட்டுக்குப் பிறகும் பாகத்தை வெள்ளைத் தாள் மேல் பிடித்துப் பாருங்கள், கையில் வைத்துப் பார்த்தால் நிறம் ஏமாற்றும். போதும் என்று தோன்றுவதற்கு ஒரு கோட் முன்னால் நிறுத்துவது நல்லது. ஏனென்றால் விண்ட்ஷீல்டு மாட்டியதும் பின்னால் மீட்டரும் கருப்பு பிராக்கெட்டும் வந்துவிடும், அப்போது அது இன்னும் இருட்டாகத்தான் தெரியும்.

இன்னொரு விஷயம். எக்ஸ்-19 சுத்தமான சாம்பல் நிறம் இல்லை, கொஞ்சம் பழுப்பு அடிக்கும். நீலச் சாயலுள்ள ஸ்மோக் வேண்டுமானால் எக்ஸ்-23 கிளியர் புளூ ஒரு துளி சேர்க்கலாம். அப்புறம், எல்லா பைக்குக்கும் ஸ்மோக் அடிப்பது ஒரு வியாதியாகவே பரவியிருக்கிறது. 1966-ல் மைக் ஹெயில்வுட் 250 சிசி உலகப் பட்டம் வென்ற ஹோண்டா ஆர்சி166 போன்ற பழைய ரேஸ் பைக்குகளில் நிறமில்லாத ஸ்கிரீன்தான் அழகு. அந்த ஆறு சிலிண்டர் வண்டிக்குக் கூலிங் கிளாஸ் போட்டுவிடாதீர்கள்.

இண்டிகேட்டருக்கு எக்ஸ்-26 கிளியர் ஆரஞ்சு அடித்தேன். காய்ந்த பிறகு பழுப்பாக, செத்துப்போன நிறத்தில் இருக்கிறது. மூன்று கோட் போட்டும் பிரகாசம் வரவில்லை. வேறு கம்பெனி பெயின்ட் வாங்க வேண்டுமா?
- வாசகர், கோவை

வாங்க வேண்டாம். பெயின்ட்டில் கோளாறில்லை, பெயின்ட்டுக்குப் பின்னால் இருப்பதில்தான் கோளாறு. லென்ஸ் உட்காரும் இண்டிகேட்டர் கிண்ணத்தை எந்த நிறத்தில் விட்டிருக்கிறீர்கள்? கருப்பு பிளாஸ்டிக்காகவே விட்டிருப்பீர்கள். ஆரஞ்சு வழியாக உள்ளே போகிற வெளிச்சத்தைக் கருப்பு விழுங்கிவிடுகிறது, திரும்பி வருவதற்கு ஒன்றும் இல்லை, அதனால் பழுப்பு. இதற்கு மேல் கோட் போடப் போட இன்னும் இருட்டாகும். கிண்ணத்தின் உட்புறத்தை எக்ஸ்-11 குரோம் சில்வராலோ மொலோட்டோ குரோம் பேனாவாலோ வெள்ளியாக்கிவிட்டு, ஒரே ஒரு கோட் ஆரஞ்சு அடித்த லென்ஸை வைத்துப் பாருங்கள்.

கண்ணாடிப் பாகத்தின் நிறத்தில் பாதிதான் அதன் மேல் அடிக்கும் பெயின்ட். மீதிப் பாதி அதன் பின்னால் இருக்கும் பொருள். ஹெட்லைட், டெயில் லைட், மீட்டர் மூடி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அதனால் லென்ஸைத் தொடுவதற்கு முன் பின்புறத்தை முடித்துவிடுங்கள்.

அடுத்தது, ஆரஞ்சு அடிக்கத்தான் வேண்டுமா என்பதே ஒரு கேள்வி. தெருவில் இறங்கி நிற்கிற வண்டிகளைப் பாருங்கள். பழைய யமஹா ஆர்எக்ஸ்100 மாதிரி வண்டிகளில் லென்ஸே ஆரஞ்சு, உள்ளே சாதாரண பல்பு. பின்னால் வந்த பல வண்டிகளில் லென்ஸ் நிறமில்லாதது, பல்புதான் ஆரஞ்சு. விதி கேட்பது எரியும்போது வெளியே வருகிற வெளிச்சம் ஆரஞ்சாக இருக்க வேண்டும் என்பதைத்தான், லென்ஸ் நிறத்தை அல்ல. ஆகவே நீங்கள் செய்கிற வண்டியின் படத்தைத் தேடிப் பாருங்கள். நிறமில்லாத லென்ஸ் என்றால், வெள்ளிக் கிண்ணத்தின் நடுவில் ஃபெவிகால் ஒரு சின்னச் சொட்டு விட்டுக் காய வைத்து, அந்தச் சொட்டின் மேல் மட்டும் எக்ஸ்-26 தொடுங்கள். லென்ஸை அப்படியே மூடிவிடலாம். 1/12-ல் இவ்வளவு சின்ன விஷயம் யாருக்குத் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியும், எல்லோருக்கும் தெரியும், ஏன் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லத் தெரியாது.

டெயில் லைட்டும் இதே கணக்குதான்: பின்னால் வெள்ளி, லென்ஸின் உட்புறம் எக்ஸ்-27 கிளியர் ரெட். எல்இடி டெயில் லைட் என்றால் லென்ஸுக்குப் பின்னால் வெள்ளியை முழுசாகப் பூசாமல் வரிசையாகப் புள்ளி வைத்தால் எல்இடி மாதிரியே தெரியும்.

உள்ளே அடிப்பதா, வெளியே அடிப்பதா? ஆர்சி கார் (ரிமோட்டில் ஓடும் பொம்மைக் கார்) ஓட்டும் நண்பர் கண்டிப்பாக உள்ளேதான் என்கிறார். அவரிடமே பிஎஸ் ஸ்பிரே டப்பாக்கள் மிச்சம் இருக்கின்றன, அதை வாங்கி அடிக்கலாமா?
- வாசகர், திருச்சி

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. ஆர்சி காரின் பாடி பாலிகார்பனேட், உங்கள் விண்ட்ஷீல்டு பாலிஸ்டைரீன். பிஎஸ் வரிசை பாலிகார்பனேட்டைப் பிடித்துக்கொள்வதற்காகவே செய்யப்பட்டது, பிளாஸ்டிக் மாடல் கிட்டுக்கு அது வேண்டாம் என்று டமியாவே சொல்கிறது. நமக்கு உரிய ஸ்பிரே டிஎஸ் வரிசை. தலைகீழாகவும் இதே கதை, டிஎஸ்ஸை ஆர்சி பாடியில் அடித்தால் வளைகிறபோது உரிந்து வரும். ‘பிஎஸ்’ என்ற இரண்டு எழுத்தைப் பாலிஸ்டைரீன் என்று படித்து ஏமாறுபவர்கள் நிறைய.

உள்ளேயா வெளியேயா என்பதற்கு ஆர்சி உலகத்தின் விதி நமக்கு அப்படியே பொருந்தாது. அங்கே கார் கல்லில் உரசும், பெயின்ட்டைக் காப்பாற்ற உள்ளே அடிக்கிறார்கள். நமக்கு வேறு காரணம். உட்புறத்தில் நிறம் போட்டால் வெளிப்புறம் அச்சிலிருந்து வந்த பளபளப்போடு அப்படியே இருக்கும், கைபட்டாலும் நிறம் போகாது. இண்டிகேட்டர், டெயில் லைட்டுக்கு நான் எப்போதும் உட்புறம்தான். விண்ட்ஷீல்டில் மட்டும் யோசிக்க வேண்டும். குழிவான பக்கத்தில் ஏர்பிரஷ் காற்று மோதித் திரும்பி, நடுவில் பெயின்ட்டைத் தேக்கிவிடும். குமிழ் மாதிரி ஆழமாக வளைந்த ரேஸ் ஸ்கிரீன் என்றால் வெளியே அடித்து, காய்ந்த பிறகு மேலே எக்ஸ்-22 ஒரு கோட் கொடுங்கள். தட்டையாக இருந்தால் உள்ளே.

ஃபேரிங்கின் சிவப்பு விண்ட்ஷீல்டின் கீழ் ஓரத்திலும் கொஞ்சம் ஏறி வருகிறது. மற்ற இடத்தை டேப்பால் மறைத்து மாஸ்க் செய்து வெளியே சிவப்பு அடித்தேன், அருமையாக வந்தது. ஆனால் பின்னால், ஓட்டுபவர் பக்கமிருந்து பார்த்தால் உள்ளேயும் சிவப்பு. நிஜ பைக்கில் கருப்பாக இருக்கிறதே?
- வாசகர், சேலம்

கண்ணாடிப் பாகத்தில் வெளியே முதலில் அடிக்கும் கோட்தான் உள்ளிருந்து தெரியும். விமான மாடல் செய்பவர்கள் காக்பிட் கேனபியில் (விமானி அறையின் தெளிவான மூடி) ரொம்ப காலமாகச் செய்வது இதுதான்: மாஸ்க் ஒட்டியதும் முதல் கோட் கருப்பு, அதன் மேல் பாடி நிறம். உள்ளிருந்து கருப்பு, வெளியே சிவப்பு. கருப்பின் மேல் சிவப்பும் மஞ்சளும் மங்கும் என்பதால் நடுவில் வெள்ளையோ வெளிர் சாம்பலோ ஒரு கோட் வேண்டும். மூன்று அடுக்கு ஆகிறதே என்று தடிமனாக அடிக்க வேண்டாம், மாஸ்கிங் டேப்பை எடுக்கும்போது படி மாதிரி ஓரம் நிற்கும். பெயின்ட் முழுசாக இறுகுவதற்கு முன், டேப்பைத் தன் மேலேயே மடக்கினாற்போலப் படுக்கையாக இழுத்து எடுங்கள்.

டேப் ஓரத்தில் சிவப்பு கசிகிறது என்று இன்னொருவரும் எழுதியிருக்கிறார். அந்த முதல் கருப்புக்கும் முன்னால் டேப் ஓரத்தில் எக்ஸ்-22 மெல்லிசாக ஒரு கோட் அடித்துவிட்டால் கசிவது நிறமில்லாத கிளியராகத்தான் இருக்கும், ஓரம் அடைபட்டுவிடும்.

எல்லாம் முடித்து ஹெட்லைட் லென்ஸை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் லென்ஸ் முழுக்க வெள்ளைப் படலம், நடுவில் என் கைரேகை வேறு. காப்பாற்ற முடியுமா?
- வாசகர், யாழ்ப்பாணம்

கைரேகை தெரிந்ததில் ஆச்சரியமில்லை, குற்றம் நடந்த இடத்தில் போலீஸ் தடயப் பிரிவினர் கைரேகை எடுக்கப் பயன்படுத்துவது இதே பசையின் ஆவியைத்தான். சூப்பர் க்ளூவிலிருந்து கிளம்பும் ஆவி, ஈரமும் வியர்வையும் இருக்கிற இடத்தில் படிந்து வெள்ளையாக இறுகுகிறது. மூடிய ஹெட்லைட் கிண்ணத்துக்குள் ஆவி வெளியேற வழியில்லை, அதனால் லென்ஸ் முழுக்கப் பரவிவிட்டது.

காப்பாற்றலாம், லென்ஸைக் கழற்ற முடிந்தால். படலம் மேலாக இருந்தால் பாலிஷிங் காம்பவுண்டு போட்டு மென்மையான துணியால் தேய்த்தாலே போய்விடும், பிறகு எக்ஸ்-22-ல் முக்கி எடுத்தால் தெளிவு திரும்பும். கழற்ற வரவில்லை என்றால் நெம்பாதீர்கள். லென்ஸ் உடைவதைவிடக் கொஞ்சம் மங்கலான ஹெட்லைட் மேல்.

இனிமேல் கண்ணாடிப் பாகத்துக்கு ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை மட்டும். காய்ந்தால் நிறமில்லாமல் ஆகிவிடும், வழிந்தால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். பலம் போதுமா என்று சந்தேகம் வரும். லென்ஸ் எந்தச் சுமையையும் தாங்கப் போவதில்லை, போதும். கொஞ்சம் கூடுதல் பிடிப்பு வேண்டுமென்றால் கைக்கடிகாரக் கண்ணாடி ஒட்டுகிற ஜிஎஸ் ஹைப்போ சிமென்ட் நல்ல சாமான்.

ஐப்பசி, கார்த்திகையில் ஸ்பிரே அடித்தால் கிளியர் கோட் பால் மாதிரி வெளுக்கிறது. பங்குனியில் இதே டப்பா நன்றாகத்தான் இருந்தது.
- வாசகர், சென்னை

லாக்கரில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். மழைக்காலக் காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து பெயின்ட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. பாடி பாகத்தில் வெளுத்தால் ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்துவது) கலந்த தின்னரை மெல்லிசாகத் தூவி மீட்டுவிடலாம். கண்ணாடிப் பாகத்தில் அந்தத் தின்னரே பிளாஸ்டிக்கைக் கடிக்கும் அபாயம் உண்டு, நான் பரிந்துரைக்க மாட்டேன். வடகிழக்குப் பருவமழை முடியும்வரை கண்ணாடிப் பாகங்களுக்கு அக்ரிலிக் எக்ஸ் வரிசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அது இந்த அளவுக்கு வெளுக்காது. அவசரம் என்றால் மழை விட்டு நல்ல வெயில் அடிக்கிற மத்தியானமாகப் பார்த்து வெளியே அடியுங்கள், அடித்த பாகத்தை ஏசி அறையில் காயப் போடுங்கள், அங்கே ஈரம் குறைவு. ஏசி அறைக்குள்ளேயே ஸ்பிரே அடிப்பது மட்டும் வேண்டாம், அந்த ஆவியை மூடின அறையில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சுவாசிக்க வேண்டியிருக்கும். முகத்தில் மாஸ்க் இல்லாமல் எங்கேயும் அடிக்காதீர்கள்.

டுகாட்டி 916 செய்கிறேன். ஹெட்லைட் லென்ஸுக்கும் ஃபேரிங்குக்கும் நடுவில் கருப்புக் கோடு தெரிய வேண்டும். பேனல் லைன் வாஷ் (இடுக்கில் ஓடித் தேங்கும் நீர்த்த பெயின்ட்) ஓட விடலாமா?
- வாசகர், பெங்களூரு

1994-ல் வந்த அந்த வண்டியின் முகமே அந்த இரட்டை ஹெட்லைட்தான், கோடு கோணலாகப் போனால் மொத்தமும் போச்சு. எனாமல் வாஷ் வேண்டாம். எனாமல் தின்னர் அழுத்தத்தில் பொருத்திய கிளியர் பிளாஸ்டிக்கில் ஊறி விரிசல் விட வைக்கும், பெரும்பாலும் உடனே தெரியாது, காலையில் எழுந்து பார்த்தால்தான் தெரியும். லென்ஸைப் பொருத்துவதற்கு முன்னாலேயே அதன் ஓரத் தடிமனில் கருப்பு மார்க்கர் பேனாவைச் சுற்றி ஓட்டிவிடுங்கள். பொருத்தியதும் சரியான கோடு தானாக வரும். ஓரம் கருப்பாகிவிட்டால் கண்ணாடிப் பாகம் தடிமனாகத் தெரிகிற குறையும் மறையும், இதை விண்ட்ஷீல்டிலும் செய்து பாருங்கள்.

பிரேக் ஃபுளூயிட் டப்பாவைக் கிட்டில் கிளியர் பாகமாகக் கொடுத்திருக்கிறார்கள். என்ன நிறம்?
- வாசகர், டொராண்டோ

நிஜத்தில் அது கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்காது, பால் வெள்ளையான பிளாஸ்டிக், உள்ளே வெளிர் மஞ்சள் திரவம். உட்புறம் முக்கால் உயரத்துக்கு எக்ஸ்-24 கிளியர் யெல்லோ மெல்லிசாக, வெளியே மேட் கிளியர். மூடி கருப்பு. ரேஸ் பைக் என்றால் முன் பிரேக் டப்பாவின் மேல் டென்னிஸ்காரர்கள் மணிக்கட்டில் போடுகிற துணிப் பட்டையை மாட்டியிருப்பார்கள், கசிந்தால் உறிஞ்சிக்கொள்ள. அதைச் செய்தால் நிறம் அடிக்கிற வேலையே மிச்சம்.

ஸ்ப்ரூவிலிருந்து வெட்டும்போதே விண்ட்ஷீல்டின் ஓரம் வெள்ளையாகிவிடுகிறது. தேய்த்தால் கீறல். பெயின்ட் அடித்தால் மறைந்துவிடுமா?
- வாசகர், ஈரோடு

ஸ்மோக் அடித்தால் கீறல் மறையாது, இன்னும் எடுப்பாகத் தெரியும். பாகத்தை ஒட்டி வெட்டாதீர்கள். முதலில் தள்ளி, தண்டைப் பெரிய துண்டாக வெட்டிப் பிரித்து, அப்புறம் மிச்சத்தை மெல்லிய ரம்பத்தாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தியாலோ எடுங்கள். நிப்பரால் ஒரே கடியில் கடித்தால் அழுத்தம் உள்ளே ஓடித்தான் அந்த வெள்ளை வருகிறது. பிறகு 1000, 2000, 3000 என்று எமரி ஷீட்டைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய கீறல் முழுசாகப் போன பிறகே அடுத்ததுக்குப் போங்கள். கடைசியில் டமியா பாலிஷிங் காம்பவுண்டு ஃபைன், ஃபினிஷ். மிச்சம் இருக்கும் நுண்கீறலை எக்ஸ்-22 நிரப்பிவிடும். வெளிநாட்டு மாடலர்கள் வருடக்கணக்காக இதற்கு ஃபியூச்சர் என்ற அமெரிக்கத் தரை பாலிஷைப் பயன்படுத்தினார்கள், இன்னும் சிலர் அதைத் தேடி அலைகிறார்கள். நாம் தேட வேண்டியதில்லை.

பெயின்ட் சோதிக்க எதுவுமில்லை என்று நீங்களே கடிதத்தின் கீழே எழுதியிருக்கிறீர்கள். முன்பு பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பார்ப்போம், 2022 ஜூலையிலிருந்து அதற்கும் தடை. பாகங்களை வெட்டிய பிறகு மிஞ்சுகிற கிளியர் ஸ்ப்ரூ சட்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதே பிளாஸ்டிக், பாக எண் போட்ட சின்னத் தட்டை இடம் வேறு இருக்கும், அதைவிடச் சரியான சோதனைப் பலகை கிடையாது.

விண்ட்ஷீல்டு இரண்டாக உடைந்துவிட்டது. தனியாக வாங்க வழியில்லை. ஒட்டினால் கோடு தெரிகிறது.
- வாசகர், புதுச்சேரி

ஒட்டின கோடு தெரியத்தான் செய்யும், ஸ்மோக் எவ்வளவு அடித்தாலும். புதிதாகச் செய்துவிடலாம். உடைந்த இரண்டு துண்டையும் டேப்பால் சேர்த்து, உட்புறத்தில் வாசலின் தடவி, எபாக்ஸி புட்டியை அழுத்தி நிரப்பி இறுக விடுங்கள். வெளியே எடுத்தால் அச்சு தயார், அதை வழவழப்பாகத் தேய்த்துக்கொள்ளுங்கள், அச்சில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் கண்ணாடியில் பதியும். பொருள்களை அடைத்து விற்கிற மெல்லிய தெளிவான பெட் பிளாஸ்டிக் ஷீட்டை மரச்சட்டத்தில் ஸ்டேப்பிள் அடித்து, அனலுக்கு மேலே தூக்கிப் பிடித்துச் சூடாக்கி, தொய்ய ஆரம்பித்ததும் அச்சின் மேல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். இரண்டு மூன்று வீணாகும், ஷீட் சும்மா கிடைப்பதுதானே.

இப்படிச் செய்தது கிட்டில் வருகிற பாகத்தைவிட மெல்லிசாக, நிஜ அளவுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: பெட் மேல் அக்ரிலிக் பெயின்ட் அவ்வளவாகப் பிடிக்காது, நகம் பட்டால் உரியும். ஸ்மோக்கை உட்புறத்தில் மட்டும் அடியுங்கள், ஓரத்தை வெட்டிச் சீர் செய்வதை எல்லாம் அதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.